ஒரு பட்டாம்பூச்சிக்காகக் காட்டை வெட்டுவது சரியா? பிளீன் காட்டில் பார்த்தது

ஒற்றையடிப்பாதை · பிப்ரவரி 18

வணக்கம். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் இருக்கும் கேன்டர்பரிக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. ஞாயிறு காலைகளில் பக்கத்தில் இருக்கும் பிளீன் காட்டுக்கு நடக்கப் போவது வழக்கம். போன வாரம் போனபோது, நான் எப்போதும் திரும்பும் வளைவுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு காட்டையே காணவில்லை. கால்பந்து மைதானம் அளவு இருக்கும். செஸ்ட்நட் மரங்களை எல்லாம் கணுக்கால் உயரத்தில் வெட்டியிருந்தார்கள். வெட்டிய இடம் ஈரம் காயாமல் இன்னும் வெளுத்துத் தெரிந்தது. கழிகளை நீளவாக்கில் அடுக்கிவைத்திருந்தார்கள். தரை முழுக்க சேறும் வண்டித் தடமும்.

ஓரத்தில் ஒரு பலகை. ஹீத் ஃப்ரிட்டிலரி என்ற அரிய பட்டாம்பூச்சிக்கு வாழிடம் உண்டாக்க இந்த வேலை நடக்கிறது என்று எழுதியிருந்தது. இது பாதுகாக்கப்பட்ட காடு. ஒரு கிளையை ஒடித்தாலே குற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மரத்தை வெட்டாதே, வெட்டினால் பத்து நடு என்று கேட்டு வளர்ந்தவன் நான். அந்த இடத்தில் நின்றபோது உண்மையிலேயே மனசு கனத்துப்போனது. கூட வந்த என் மகள், "பட்டாம்பூச்சிக்கு மரம் வேண்டாமா அப்பா?" என்று கேட்டாள். பதில் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இது உண்மையிலேயே அந்தப் பூச்சிக்காகத்தானா? அப்படியென்றால் அது எப்படி?


தென்கரை · பிப்ரவரி 18

எனக்கும் இதே கேள்வி உண்டு. அடுக்கிவைத்திருந்த கழிகளை விற்கத்தானே போகிறார்கள்? காடு என்றால் அதை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். மனிதன் கை வைக்காத இடத்தில்தான் உயிர்கள் செழிக்கும். ஒரு பூச்சியைக் காப்பாற்ற ஆயிரம் மரத்தை வெட்டுவது எந்தக் கணக்கிலும் சரியாகப் படவில்லை.


கதியால் · பிப்ரவரி 19

தம்பி, அந்த மாதிரித் துண்டுகளை வெட்டும் கைகளில் என்னுடைய இரண்டு கைகளும் உண்டு. பதினோரு குளிர்காலமாக அந்தக் காட்டில் தொண்டு வேலை செய்கிறேன். ஆகவே நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, நீங்கள் பார்த்த மரங்கள் சாகவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். எங்கள் வளவைச் சுற்றி கிளுவையிலும் பூவரசிலும் கதியால், அதாவது நட்டால் துளிர்க்கும் உயிர்க்கழி, போட்ட வேலி. வருடத்துக்கு ஒரு தடவை ஐயா கத்தியோடு இறங்கி, குழை முழுவதையும் வெட்டிவிடுவார். ஆட்டுக்கும் தோட்டத்துக்கும் போகும். வேலி மொட்டையாக நிற்கும். மழை கண்டதும் பழையபடி குப்பென்று தளிர்க்கும். வெட்ட வெட்டத்தான் அந்த வேலிக்கு உயிர். கரும்பில் மறுதாம்பு விடுவதும் இதே கதைதான். செஸ்ட்நட் மரமும் அப்படித்தான். அடிக்கட்டையை விட்டு வெட்டினால் அதே வசந்தத்தில் பத்துப் பதினைந்து தளிர்கள் எழும்பி, ஒரே கோடையில் உங்கள் மகளின் உயரத்தைத் தாண்டும். பதினைந்து, இருபது வருடத்தில் மறுபடியும் வெட்டும் பருவம். இப்படி வெட்டப்பட்டே நூற்றாண்டு கடந்த கட்டைகள் இங்கே இருக்கின்றன. வெட்டாமல் விட்ட மரங்களைவிட அவற்றுக்கு ஆயுள் கூட.

இனி அந்தப் பூச்சி. விரித்தால் நாலு, நாலரை செ.மீ. இருக்கும். மேலே செம்மஞ்சளில் கறுப்பு வலைக்கோடு. அடிப்பக்கத்தில் கிரீம் நிறமும் செம்மஞ்சளும் பட்டை பட்டையாக மாறி வரும். இரண்டு மூன்று தரம் சிறகை அடித்துவிட்டு, சிறகைத் தட்டையாக விரித்துத் தரையோடு தரையாக மிதந்து போகும். வெயில் மறைந்தால் அந்தக் கணமே எங்காவது உட்கார்ந்துவிடும்.

ஆனால் நாங்கள் காப்பாற்றுவது சிறகுள்ள பூச்சியை அல்ல. அது ஜூனில் வந்து சில வாரங்களில் முடிந்துவிடும். மிச்ச வருடம் முழுக்க அது முட்டை, புழு, கூட்டுப்புழு. இந்தக் காட்டில் அந்தப் புழுவின் உணவு காமன் கவ்வீட் என்கிற ஒரு சின்னச் செடி. முழங்கால் உயரம்கூட வராது. வெளிர்மஞ்சள் குழல் பூக்கள் சோடி சோடியாக ஒரே பக்கம் பார்த்து நிற்கும். ஓராண்டுச் செடி, ஒவ்வொரு வருடமும் விதையிலிருந்துதான் வர வேண்டும். பக்கத்து மரஞ்செடிகளின் வேரில் தன் வேரைச் செருகிப் பாதி உணவை உறிஞ்சும். வெயில் கண்டால்தான் செழிக்கும். அதன் விதையில் எறும்புக்குப் பிடித்த ஒரு சதைத் துணுக்கு ஒட்டியிருக்கும். அதற்காக எறும்புகள் விதையைத் தூக்கிக்கொண்டு போகும். எறும்பு நடக்கும் தூரம்தான் இந்தச் செடி பரவும் தூரம். காற்றோ பறவையோ இதைக் கொண்டுபோய்ப் போடுவதில்லை. எறும்பு, செடி, புழு, வெயில் என்று நாலும் ஒரே இடத்தில் கூடினால்தான் உங்கள் பலகையில் எழுதியிருக்கும் பெயருக்கு உயிர்.

வெயில் எவ்வளவு முக்கியம் என்று எனக்கு விளங்கியது ஏப்ரல் மாதம் ஒன்றில். இந்தப் புழுக்கள் குளிர்காலம் முழுவதும் சருகுச் சுருளுக்குள் உறங்கும். மார்ச் கடைசியில், ஏப்ரலில் வெளியே வரும். அப்போது காற்று இன்னும் குளிர்தான். நான் முழங்காலில் நின்று தேடிக்கொண்டிருந்தேன். வெட்டித் திறந்திருந்த தரையில், காய்ந்த செஸ்ட்நட் இலை ஒன்றின் மேல் ஒரு புழு. கறுப்பு உடல், முதுகில் வெளிர்மஞ்சள் முட்கூம்புகள். உண்ணவில்லை, நகரவில்லை, வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அந்த இலையை விரலால் தொட்டேன், இளஞ்சூடாக இருந்தது. பத்தடி தள்ளி, வெட்டாத காட்டின் நிழலில் கிடந்த இலையைத் தொட்டேன், ஈரமும் குளிரும். அந்தக் குளிரில் புழுவால் உண்ணவும் முடியாது, வளரவும் முடியாது. அன்றைக்குப் பிறகு யார் என்னிடம் ஏன் வெட்டுகிறீர்கள் என்று கேட்டாலும், முதலில் அந்த இரண்டு இலைகளைத்தான் நினைப்பேன்.

வெட்டிய முதல் வருடம் பெரிதாக ஒன்றும் இராது. இரண்டாம், மூன்றாம் வருடத்தில் கவ்வீட் விரியும், பூச்சியும் உச்சத்துக்கு வரும். அதற்குப் பிறகு தளிர்கள் மேலே போய்ப் பின்னிக்கொள்ளும், தரையில் நிழல் விழும், செடி மெலியும். சில வருடத்தில் அந்தத் துண்டில் பூச்சி இல்லாமலே போய்விடும். போகட்டும், அதில் தவறில்லை. அது போவதற்கு முன்னால் பக்கத்தில் இன்னொரு துண்டு திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. இந்தப் பூச்சி தூரம் பறக்காது. பெரும்பாலானவை பிறந்த இடத்தைவிட்டுச் சில நூறு மீட்டர்கூடத் தாண்டுவதில்லை.

இதை நாங்கள் அனுபவத்தில்தான் படித்தோம். ஒரு வருடம் காட்டின் மறுபக்கத்தில் வடிவான ஒரு துண்டைத் தேர்ந்து வெட்டினோம். கவ்வீட்டும் வந்தது. வெயிலும் இருந்தது. இரண்டு ஜூன் மாதம் போய்ப் போய்ப் பார்த்தேன், பூச்சி வரவில்லை. இடையில் நின்றது அடர்ந்த நிழல்காடு. அதைத் தாண்டி வர அதற்குத் தெரியவில்லை. பிறகு இடைப்பட்ட நடைபாதையின் இரண்டு பக்கமும் அகலமாக வெட்டி, வெயில் விழும் ஓர் ஒழுங்கை போலச் செய்தோம். அடுத்த கோடையில் அந்தப் பாதையில் முதல் பூச்சியைக் கண்டபோது என்னோடு நின்றவர் அழுதேவிட்டார். எழுபது வயது மனிதர்.

தென்கரை கேட்டதற்கு வருகிறேன். ஆம், கழிகளை விற்கிறார்கள். அதை மறைக்க ஒன்றுமில்லை. இந்தப் பூச்சி இத்தனை நூற்றாண்டு இங்கே வாழ்ந்ததே அந்த விற்பனையால்தான். கென்ட் முழுவதும் ஹாப்ஸ் தோட்டங்கள் இருந்தன, பியருக்குப் போடும் அந்தக் கொடி ஏற செஸ்ட்நட் கழி வேண்டும். வேலிக்குக் கழி, அடுப்புக்குக் கரி. ஆகவே ஒவ்வொரு குளிர்காலமும் காட்டில் எங்காவது ஒரு மூலை திறந்துகொண்டே இருந்தது. பழைய காலத்து ஆட்கள் இந்தப் பூச்சிக்கு வைத்திருந்த பெயரே "மரம்வெட்டியின் பின்னால் வருவது" என்பதுதான். அவர்கள் எங்கே வெட்டினார்களோ அங்கே அது வந்தது. கழிக்குத் தேவை குறைந்தது, வெட்டுவது நின்றது, காடுகள் இருண்டன. சில இடங்களில் ஊசியிலை மரங்களை நெருக்கமாக நட்டு மிச்ச வெளிச்சத்தையும் அடைத்தார்கள். 1970-களின் முடிவில் பிரிட்டனில் இந்தப் பூச்சி அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. 1981 வனவிலங்குச் சட்டத்தில் இதற்கு முழுப் பாதுகாப்புக் கொடுத்தார்கள். மார்ட்டின் வாரன் என்ற ஆய்வாளர் இந்தப் பூச்சியின் பின்னாலேயே நடந்து, அதற்கு என்ன வேண்டும் என்று கண்டு 1987-இல் எழுதினார். நாங்கள் இன்று செய்வது அந்த வழியில் வந்தது.

அதன் போக்கில் விட்டுவிடுவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். லார்ஜ் ப்ளூ என்று இன்னொரு வண்ணத்துப்பூச்சி, அது புல்வெளியில் வாழ்வது. சேகரிப்பவர்கள் பிடித்துப் பிடித்தே அழித்துவிடுவார்கள் என்று பயந்து, 1930-களில் ஓர் இடத்துக்கு வேலி போட்டுக் காத்தார்கள். வேலி ஆட்களைத் தடுத்தது, கூடவே மேய்ச்சலையும் தடுத்தது. புல் உயர்ந்தது, மண் குளிர்ந்தது. அந்தப் புழு ஒரு குறிப்பிட்ட சிவப்பு எறும்பின் கூட்டுக்குள்தான் வளரும், அந்த எறும்புக்குக் குட்டைப் புல்லின் சூடு வேண்டும். எறும்பு போனது, பூச்சியும் போனது. 1979-இல் பிரிட்டன் முழுவதிலும் அது இல்லாமல் போய்விட்டது. பிறகு ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்துதான் மீண்டும் உயிர்ப்பித்தார்கள். வேலி போட்டவர்கள் அந்தப் பூச்சியை நேசித்தவர்கள். அதுதான் எனக்கு இன்னமும் வலிக்கிறது.

ஒரு காலத்தில் இந்தக் காடுகளைத் திறந்தவை பெரிய மிருகங்கள். மரப்பட்டையை உரிக்கும், மரத்தைச் சாய்க்கும், மண்ணில் புரளும். அவை போன பிறகு அந்த வேலையைக் கோடரி செய்தது. பிளீனிலேயே வெஸ்ட் பிளீன் என்ற பகுதியில் 2022 ஜூலையில் ஐரோப்பியக் காட்டெருமைகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். கோடரி செய்ததை அவை எவ்வளவு செய்யும் என்று நானும் ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முழுக் காட்டையும் வெட்டுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெட்டி ஐந்தாறு வருடமான அடர்ந்த புதரில்தான் நைட்டிங்கேல் கூடு கட்டும். டோர்மவுஸ் என்ற சின்ன எலிக்கு இன்னும் வயதான, கிளைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும் பகுதி வேண்டும். பழைய ஓக் மரங்களைத் தொடுவதே இல்லை. எல்லா வயதிலும் காடு இருக்க வேண்டும், அதற்காகத்தான் துண்டு துண்டாக வெட்டுகிறோம். அதுவும் குளிர்காலத்தில் மட்டும், பறவைகள் கூடு கட்டுவதற்கு முன்னால்.

மகளிடம் சொல்லுங்கள்: பட்டாம்பூச்சிக்கு மரமும் வேண்டும், மரம் விலகிக் கொடுக்கும் வெயிலும் வேண்டும்.


தென்கரை · பிப்ரவரி 19

அக்கா, நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். லார்ஜ் ப்ளூ கதை எனக்குத் தெரியாது. வேலி போட்டதாலேயே அழிந்தது என்பதை ஜீரணிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். நன்றி.


ஒற்றையடிப்பாதை · பிப்ரவரி 21

இரண்டு முறை படித்தேன், மகளுக்கும் படித்துக் காட்டினேன். அந்த இரண்டு இலைகளை அவளும் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். இன்றே கூட்டிப் போகச் சொல்கிறாள்.

இன்னொரு கேள்வி. எங்கள் வீட்டுத் தோட்டம் சிறியதுதான், ஆனால் நல்ல வெயில் விழும். கவ்வீட் விதை வாங்கிப் போட்டு, கொஞ்சம் புழுக்களை வளர்த்து விடலாமா? அல்லது இந்தப் பூச்சியைப் பிடித்து, இப்போது இல்லாத காடுகளில் கொண்டுபோய் விட்டால் வேகமாகப் பெருகாதா? பலரும் சேர்ந்து செய்தால்?


கதியால் · பிப்ரவரி 21

ஆசை விளங்குகிறது, ஆனால் வேண்டாம் தம்பி. இந்தப் பூச்சியைப் பிடிப்பது, முட்டையோ புழுவோ எடுத்து வைத்திருப்பது எல்லாம் அனுமதியில்லாமல் செய்தால் குற்றம். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். கவ்வீட் தோட்டத்தில் வளர்ப்பதற்கு லேசான செடி இல்லை. வேரில் ஒட்டிக்கொள்ளப் பொருத்தமான மரஞ்செடி வேண்டும், விதைக்கு ஒரு குளிர்காலத்தின் குளிர் வேண்டும். அதெல்லாம் சரிவந்தாலும் பத்துச் செடியில் ஒரு கூட்டம் வாழாது. ஒரு மோசமான ஜூன் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

வேறு இடங்களில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள்தான். 1980-களில் எசெக்ஸ் காடுகளில் இதே பூச்சியை மறுபடி விட்டார்கள். செக்கர்டு ஸ்கிப்பர் என்ற இன்னொரு காட்டுப் பூச்சி 1976-இல் இங்கிலாந்தில் அற்றுப்போனது. 2018-இல் பெல்ஜியத்திலிருந்து கொண்டுவந்து நார்தாம்ப்டன்ஷயரில் ராக்கிங்ஹாம் காட்டில் விட்டார்கள். ஆனால் பூச்சியைக் கொண்டுவந்தது அந்த வேலையின் கடைசிப் படி. அதற்கு முன்னால் காட்டுப் பாதைகளை அகலப்படுத்தி, வெயில் விழச் செய்து, செடிகளைப் பார்த்து, வருடக்கணக்கில் ஆயத்தம் செய்தார்கள். வீடு கட்டாமல் ஆட்களைக் குடியேற்ற முடியாது அல்லவா.

உங்களால் செய்யக்கூடியது வேறு இருக்கிறது. எண்ணுவது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 26 வாரம், வாரத்துக்கு ஒரு தடவை, ஒரே பாதையில் ஒரே வேகத்தில் நடந்து, இரண்டு பக்கமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர், அதற்குள் வரும் வண்ணத்துப்பூச்சிகளை மட்டும் எண்ண வேண்டும். குளிரிலும் மழையிலும் எண்ணக்கூடாது. நாடு முழுவதும் 1976 முதல் இப்படி எண்ணிக்கொண்டு வருகிறார்கள். கேட்க மிகச் சாதாரணமாக இருக்கும். ஆனால் ஒரு துண்டு எப்போது மங்கத் தொடங்குகிறது, அடுத்ததை எங்கே திறக்க வேண்டும் என்பதை எங்களுக்குச் சொல்வது அந்த எண்கள்தான். நான் ஒரு பாதையை நடக்கிறேன். ஒரு பூச்சிகூட இல்லாமல் வெறும் சுழியம் எழுதிய வாரங்கள் நிறைய. அந்தச் சுழியத்தையும் எழுத வேண்டும், அதுவும் ஒரு செய்தி.

இலையைத் தொட்டுப் பார்க்க மகளைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள், ஆனால் பாதையின் ஓரத்திலிருந்தே. வெட்டிய துண்டுக்குள் இறங்க வேண்டாம். சருகுக்குள் இப்போது யார் உறங்குகிறார்கள் என்று நமக்குத் தெரியாது.


நீரடிமுத்து · பிப்ரவரி 23

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். அக்கா எழுதியதைப் படித்து மனம் நிறைந்தது. ஒரே ஒரு கவலை, அதைச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பட்டாம்பூச்சிக்காக மரத்தை வெட்டலாம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

தமிழ் மறவனை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தார்கள். அதன் புழு உண்பது நீரடிமுத்து மரத்தின் இலையை. மரவட்டி என்றும் சொல்வார்கள், நான் பெயராக வைத்திருப்பதும் அதைத்தான். ஓடைக்கரைகளில், ஈரமான மலைக்காட்டில் வளரும் மரம். அங்கே கோடரி இறங்கினால் நிழல் போகும், ஈரம் போகும், மரமும் போகும். நம் மலையில் சதர்ன் பேர்ட்விங் என்ற மிகப் பெரிய பட்டாம்பூச்சி இருக்கிறது, கறுப்பும் பொன்மஞ்சளும். அதன் புழுவுக்கு ஈஸ்வரமூலியும் அதன் உறவுக் கொடிகளும்தான் வேண்டும். தோட்டக்காரர்கள் வேலியைச் சுத்தம் செய்கிறேன் என்று முதலில் அறுத்து எறிவது அந்தக் கொடியைத்தான். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்: இலையில் புழுக்களோடு குவித்துக் கொளுத்துவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

இன்னொன்று. உன்னிச்செடியில் பட்டாம்பூச்சிகள் மொய்ப்பதைப் பார்த்து, அது அவற்றுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். தேன் குடிக்க வருவது உண்மை. ஆனால் உன்னி காட்டுத் தரையை மூடி, புழுக்கள் உண்ணும் செடி கொடிகளை எழும்பவிடாமல் செய்கிறது. விருந்துக்கு வருகிறவர்களைப் பார்த்துவிட்டு வீடு நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

ஆக, இங்கிலாந்துப் பூச்சிக்குக் கோடரி, நம் பூச்சிக்கு நிழல். இரண்டிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்தப் புழு எதைத் தின்னும், எங்கே உறங்கும்?


கதியால் · பிப்ரவரி 23

நீரடிமுத்து சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நானே அதை எழுதியிருக்க வேண்டும். இங்கிலாந்துக்குள்ளேயே இந்த ஒரே பூச்சிக்கு மூன்று விதமாகச் செய்ய வேண்டியிருக்கிறது. கென்ட்டில் செஸ்ட்நட் காட்டை வெட்டுகிறோம். மேற்கே எக்ஸ்மூரில் அது காட்டுப் பூச்சியே இல்லை, மலைச்சரிவுப் புதர்வெளியில் பில்பெரிச் செடிகளுக்கு இடையே வரும் கவ்வீட்டில் வாழ்கிறது. அங்கே மேய்ச்சலும், கணக்காக எரிப்பதும், பெரணியை அடக்குவதும்தான் வேலை. டெவன், கார்ன்வால் எல்லையில் கவ்வீட்டை விட்டு ரிப்வொர்ட் பிளான்டெய்ன் என்ற வேறொரு செடியில் வளர்கிறது. எக்ஸ்மூர் ஆளிடம் போய் நான் மரம் அறுக்கும் என் வாளை நீட்டினால் அவர் சிரிப்பார். ஒரே பூச்சி, ஒரே தீவு. அப்படியிருக்க யாழ்ப்பாணத்துக்கோ ஆனைமலைக்கோ இங்கிருந்து நேரே பாடம் எடுத்துப் போக முடியாது.

உங்கள் ஈஸ்வரமூலி விவகாரம் என் மனசில் நிற்கிறது. தோட்டக்காரர்களிடம் அந்தப் புழுவைக் காட்டிப் பாருங்கள். இங்கே ஒரு வேலிக்கழி வியாபாரிக்கு நாங்கள் ஒருநாள் புழுவைக் காட்டினோம். அவர் இப்போது வெட்டும் முறைமையை எங்களைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்.


ஒற்றையடிப்பாதை · ஜூன் 17

பழைய இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். இன்று போனோம்.

காலை பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மேகம். ஒன்றுமே இல்லை. மகள் சலித்துப்போய்க் கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். பதினொன்றே முக்காலுக்கு மேகம் விலகி, பாதையில் வெயில் நீளமாக விழுந்தது. ஒரு நிமிடம்கூட இருக்காது, புல்லுக்குள்ளிருந்து செம்மஞ்சளாக ஒன்று எழுந்தது. அப்புறம் இன்னொன்று. நீங்கள் சொன்ன மாதிரியே சிறகை அடித்துவிட்டு, தட்டையாக விரித்து மிதந்தது. என் முழங்கால் உயரத்துக்கு மேல் ஒன்றுகூட வரவில்லை. எண்ணிக்கொண்டே நடந்தோம். மகளின் கணக்கு பத்தொன்பது, என் கணக்கு பதினான்கு. மேகம் திரும்பியதும் ஒன்றையும் காணவில்லை, யாரோ விளக்கை அணைத்த மாதிரி.

ஆனால் எல்லாம் எதிர்ப்பக்கத்துத் துண்டில்தான். அது மூன்று வருடத்துக்கு முன் வெட்டியது என்று அங்கே வந்த ஒருவர் சொன்னார். பிப்ரவரியில் நான் மனசு கனத்து நின்றேனே, அந்தத் துண்டில் ஒரு பூச்சிகூட இல்லை. கட்டைகளில் தளிர் எழும்பியிருக்கிறது, நடுவில் முள்ளும் பெரணியும். பாதையை ஒட்டிய ஓரத்தில் மட்டும் வெளிர்மஞ்சள் குழல் பூவோடு கொஞ்சம் செடிகள். சோடி சோடியாக, ஒரே பக்கம் பார்த்து. எட்டோ ஒன்பதோ இருக்கும். அதுதானா? அவ்வளவு குறைவாக இருப்பது நல்லதா கெட்டதா?


கதியால் · ஜூன் 17

அதேதான். முதல் கோடையில் எட்டுச் செடி என்றால் எனக்குச் சந்தோஷம். விதை அங்கே இருக்கிறது, எறும்பும் இருக்கிறது. இந்த வருடம் அவை விதை போட்டால் அடுத்த ஜூனில் உள்ளே பல அடி நகர்ந்திருக்கும். எதிர்த் துண்டில் நீங்கள் பார்த்த பெண்பூச்சிகள் பாதையைக் கடந்து வருவதற்கு அதிக தூரம் இல்லை. வரும் கோடையில் ஒன்றிரண்டு, அதற்கடுத்த கோடையில் உங்கள் மகளால் எண்ணி முடிக்க முடியாமல் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வானிலையும் மனம் வைக்க வேண்டும்.

மகளின் கணக்கை எழுதி வையுங்கள், தேதி, நேரம், வெயிலா மேகமா என்பதோடு. பத்தொன்பதா பதினான்கா என்று சண்டை வேண்டாம். அடுத்த வருடமும் அவளே எண்ணட்டும், ஒரே கண் எண்ணினால்தான் ஒப்பிட முடியும்.

எதிர்த் துண்டுக்கு இன்னும் இரண்டு, மூன்று கோடை இருக்கிறது, அதற்குமேல் நிழல் கட்டிவிடும். ஆகவே வருகிற அக்டோபர் கடைசியில் அதற்கு வடக்கே அடுத்த துண்டில் இறங்குகிறோம், புதன்கிழமைகளில், காலை ஒன்பதரைக்கு. மின்வாள் பயிற்சி பெற்றவர்கள் மட்டும்தான் பிடிப்பார்கள். நமக்குக் கைவாளும், கிளைகளை இழுத்து அடுக்கும் வேலையும். கையுறை, வாள் எல்லாம் அங்கே தருவார்கள். முள் கிழிக்காத தடித்த கால்சட்டையும், சேற்றுக்குப் பயப்படாத சப்பாத்தும் போட்டுக்கொண்டு வாருங்கள். வருவதாக இருந்தால் செப்டம்பரில் இங்கேயே ஒரு வரி எழுதுங்கள், எந்த வாசலில் சந்திப்பது என்று சொல்கிறேன்.